சம உயரக் கோடு தொடாத தீவு

இந்திய நில அளவைத் துறையின் 58 சி/5 என்ற ஷீட்டை விரித்து வைத்தால், அதன் இடது ஓரத்தில் கொச்சி வெட்டுப்பட்டுக் கிடக்கும். தாள் தொடங்குவது கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 15 கலையில். அந்தக் கோடு ஃபோர்ட் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே விழுகிறது. சீன வலைகள் பக்கத்துத் தாளுக்குப் போய்விட, மட்டாஞ்சேரி அரண்மனையும் யூதத் தெருவும் மிளகுக் கிடங்குகளும் இந்தத் தாளில் நிற்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே, காயலின் நீலத்துக்கு நடுவில், வடக்கு முனை துறைமுக வாயைப் பார்த்தபடி நீளவாக்கில் கிடப்பது வெலிங்டன் தீவு. தாளின் கிழக்குக் கோடியில், உள்நாட்டுச் செம்புராங்கல் மேடுகளைச் சுற்றிப் பழுப்புக் கோடுகள் நெளியத் தொடங்கிவிடும். தீவின்மேல் அப்படி ஒரு கோடுகூட இல்லை.

காரணம் எளிது. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவையில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு போடுவார்கள். அதற்கு முந்தைய, மைலுக்கு ஓர் அங்குலம் என்ற ஷீட்களில் 50 அடிக்கு ஒன்று. வெலிங்டன் தீவின் தரை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேதான் இருக்கிறது. முதல் கோட்டுக்கே அது எட்டவில்லை.

இடவிளக்க வரைபடம் தன் முழுத் திறமையையும் காட்டுவது மலைநாட்டில். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரை அந்நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனம் வரைந்த பழைய தாள்களை எடுத்துக்கொள்ளலாம். நிறுவனம் 1879இல் பிறந்தது. 1884 முதல் அச்சான அதன் தாள்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நெருக்கியடித்து ஓடும் பழுப்புக் கோடுகள் ஓரிடத்தில் சற்று விலகி வழிவிட்டால், அங்கே ஓர் ஓடை, நாலைந்து கறுப்புக் கட்டங்கள், ஒரு தேவாலயம், ஓர் இடுகாடு என்று ஒரு பள்ளத்தாக்குக் குடியிருப்பு தென்படும். ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு விடையைக் கோடுகளே சொல்லிவிடும். வெலிங்டன் தீவில் கோடுகள் வாய் திறப்பதில்லை. அதன் உயரக் கணக்கு முழுவதும் தண்ணீருக்கு அடியில், மாலுமிகளின் கடல் வரைபடத்தில், பாகத்திலும் அடியிலும் எழுதப்பட்ட ஆழ எண்களில் இருக்கிறது. ஒரு பதிப்பில் ஆழ எண்களாக இருந்த இடம் பிந்தைய பதிப்பில் கரையாகிவிட்டது. நில வரைபடத்தை மட்டும் நம்பினால், திடீரென்று ஒரு தீவு வந்து உட்கார்ந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

அதனால் இந்தத் தீவின் கதையைத் தீவு இல்லாத வரைபடத்திலிருந்து தொடங்குவதே சரி.

1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தவர்கள் இரண்டு லெப்டினன்ட்கள்: பெஞ்சமின் ஸ்வெய்ன் வார்டு, பீட்டர் ஐர் கானர். வார்டு நம்ம ஊர்த் தயாரிப்பு. சென்னைக் கோட்டையில் மைக்கேல் டாப்பிங் 1794இல் தொடங்கிய சர்வே பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளியின் வழித்தோன்றல்தான் இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி. காலின் மெக்கன்சியின் மைசூர் அளவையில் வேலை பழகியவர் வார்டு. மெக்கன்சியைச் சுவடி சேகரித்தவராகவே தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர் 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலானவரும்கூட.

மெக்கன்சியின் அளவை முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. வரைபடம் தனியாக வரக்கூடாது. கூடவே ஒரு குறிப்பேடு வரவேண்டும். எந்த ஊர், எத்தனை வீடு, யார் யார் இருக்கிறார்கள், என்ன பயிர், எந்த ஆறு எந்த மாதம் நிரம்பும், சந்தை எங்கே, கோயில் யாருடையது என்று எழுதிச் சேர்க்கவேண்டும். முக்காலியின்மேல் பலகையைப் பொருத்தி, தாளை விரித்து, குறிக்கட்டை வழியே பார்த்துக் கோடிழுப்பது ஒரு வேலை. பலகையை மூடிவிட்டு, ஊர்க் கணக்கரையும் தோணிக்காரரையும் உட்காரவைத்துக் கேட்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே ஆள். வார்டும் கானரும் இப்படி எழுதிய குறிப்பேடு 1863இல்தான் திருவனந்தபுரம் சர்க்கார் அச்சகத்தில் அச்சேறியது. நாற்பது வருஷத் தாமதம். ஆனாலும் இன்றைக்குக் கேரளத்தின் எந்த மூலையைப் பற்றி எழுதுபவரும் அதைத் தொடாமல் போவதில்லை.

அவர்கள் பார்த்த கொச்சி களைத்துப்போன ஊர். 1663இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டையை, 1795இல் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் 1806இல் வெடிவைத்துத் தகர்த்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியதால் நமக்குப் பழக்கமான பால்டேயஸ் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் கொச்சியின் படங்களும் உண்டு. அந்தக் கோட்டை நகரத்தின் கரையோரத்தில், வார்டு பலகையை வைத்தபோது, இடிந்த கற்கள்தான் மிச்சம்.

காயலும் அடங்கி நின்ற நீர்ப்பரப்பல்ல. 1341ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரியாறு புரண்டு, முசிறியின் வாய் தூர்ந்து, கொச்சியின் வாய் திறந்தது என்பது வழிவழிச் செய்தி. வைப்பின் தீவில் அந்த வருஷத்திலிருந்து தொடங்கும் புதுவைப்பு ஆண்டு என்றொரு கணக்கே இருந்தது. ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவதும், கடல் அதை வாயில் மணல்மேடாகத் தடுத்து நிறுத்துவதும் ஓயாமல் நடந்தன. இப்படி உருமாறிக்கொண்டிருந்த காயலின் தீவுகளில் ஒன்று வெண்டுருத்தி. தென்னையும் மீன்பிடியும் சிறு குடியிருப்புமாக இருந்த இயற்கைத் தீவு. பிற்காலத்து வெலிங்டன் தீவின் கரு அதுதான்.

கொச்சி வேலை முடிந்த கையோடு வார்டு மலையேறினார். இந்தத் தொடர்ச்சியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கொச்சி வரலாற்றை எழுதுபவர்கள் 1820இல் அவரை விட்டுவிடுகிறார்கள், கொடைக்கானல் வரலாற்றை எழுதுபவர்கள் 1821இல் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். உடன் அளந்த கானர் ஹைதராபாத் அளவைக்குப் போய் 1821இலேயே இறந்துபோனார். வார்டு அதே ஆண்டில் பழனி மலைகளை அளந்தார். வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறிய முதல் ஐரோப்பியர் அவரே என்பது பரவலான கருத்து. அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்ட வந்தது இன்னும் 24 ஆண்டுகள் கழித்து, 1845இல்.

அப்பலாச்சியன் பள்ளத்தாக்குகளுக்கு நம் பக்கத்தில் நேரான இணை தேடினால் இங்கேதான் கிடைக்கும். மேல்பழனியின் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி. மலைக்கு அந்தப்புறம் சரிந்தால் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற அஞ்சுநாட்டு ஊர்கள். அஞ்சுநாடு திருவிதாங்கூருக்குச் சொந்தம், பேச்சு தமிழ், மக்கள் மதுரைப் பக்கமிருந்து போனவர்கள் என்று ஊர்மரபு. சமவெளிக்கு ஒற்றையடிப் பாதையும் பொதிமாடும்தான் தொடர்பு. படிப்படியாக வெட்டிய வயல்கள், நெல், பூண்டு. இப்படிப்பட்ட இடத்தில் அளவையாளர் கோட்டைக் காட்டிலும் கேள்வியை நம்பவேண்டியிருந்தது. சிகரம் தூரத்திலிருந்தே தெரியும், முக்கோணத்தில் சிக்கும். ஊர் தெரியாது, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். அங்கே போய், மலைக்குடிகளான குன்னுவர்களிடம் பேசி, வீட்டை எண்ணித்தான் எழுதமுடியும். பழனி மலைகளைப் பற்றி வார்டு எழுதிய வராககிரிக் குறிப்பேடு 1837இல் சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியானது. நீலகிரியைப் பற்றி அவர் எழுதியதும் அப்படியே. அது 1880இல் கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேட்டின் பின்னிணைப்பாக வந்தது.

ஆக, கடல்மட்டத்துச் சேற்றுத் தீவையும் ஏழாயிரம் அடி உயரத்து மலையூரையும் ஒரே கை, ஒரே முறையில் பதிவு செய்தது. பழனி மலைத் தாளில் கோடுகள் நிறைய, கொச்சித் தாளில் கோடே இல்லை. இரண்டிலும் மனிதர்கள் இருந்த இடம் குறிப்பேடு. என் வாதம் இவ்வளவுதான்: பிற்காலத்தில் வரைபடம் அழகானது, துல்லியமானது, வண்ணம் பெற்றது, ஆனால் அதன் மறுபாதியான குறிப்பேட்டை வழியில் எங்கோ இறக்கி வைத்துவிட்டது. 1905ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த பலவண்ண ஷீட்களில் குடியிருப்பு சிவப்பு, பயிர்நிலம் மஞ்சள், காடு பச்சை. சிவப்புக் கட்டத்துக்குள் யார் என்று கேட்டால் தாளுக்குத் தெரியாது. அந்த இழப்பு எங்கே கூர்மையாக வலிக்கிறது என்று பார்க்க வெலிங்டன் தீவைவிடப் பொருத்தமான இடமில்லை.

ராபர்ட் பிரிஸ்டோ கொச்சியில் வந்திறங்கியது 1920 ஏப்ரல் 13 அன்று. அனுப்பியது சென்னை அரசு. அப்போது ஆளுநர் வெலிங்டன் பிரபு. கொச்சிக்கு வெளியே கடலில், வாயை அடைத்தாற்போல் ஒரு மணல்மேடு. பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரமிட்டு, சரக்கைத் தோணியில் இறக்கின. தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் அதுவும் நடக்காது. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கும் கிழக்குக்கும் போகும் கப்பல்கள் ஏறக்குறைய இந்தக் கரையைப் பார்த்தபடியே போயின. உள்ளே வரத்தான் வழியில்லை.

மேட்டை வெட்டலாம் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். வெட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. கடல் வெட்டிய பள்ளத்தை மறுபடி நிரப்பிவிடும். அல்லது, அதைவிட மோசமாக, வைப்பின் கரையைத் தின்றுவிடும். பிரிஸ்டோவின் முதல் சில வருஷங்கள் இந்தப் பயத்தைத் தீர்ப்பதிலேயே போயின. அலை, நீரோட்டம், மணல் நகர்வு ஆகியவற்றை மாதாமாதம் அளந்து பழைய கடல் வரைபடங்களோடு ஒப்பிட்டார்கள். வைப்பின் கரையைக் காக்கக் கருங்கல் தடுப்புகள் போடப்பட்டன. தமிழ்நாட்டுக் கடற்கரையில் தூண்டில் வளைவு என்று சொல்கிறோமே, அந்த வகை. இங்கே வரைபடம் செய்த வேலையைக் கவனிக்கவேண்டும். நேற்றைய ஆழத்தையும் இன்றைய ஆழத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கடல் எந்தப் பக்கம் மண்ணைத் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியாக அது மாறியிருந்தது. அறிவார்ந்த வேலை, ஐயமில்லை. அந்தத் தாளில் மனிதர்களுக்கு வேலையில்லை.

பிறகு 1926இல் 'லார்டு வெலிங்டன்' என்ற தூர்வாரும் கப்பல் வந்தது. தரையைக் குடைந்து, சேற்றையும் மணலையும் தண்ணீரோடு கலக்கி, மிதக்கும் குழாய் வழியே தள்ளும் இயந்திரம். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் தீவு. வெண்டுருத்தியின் வடக்கே காயலில் கொட்டினார்கள். கிழக்கே எர்ணாகுளம் கால்வாய், மேற்கே மட்டாஞ்சேரி கால்வாய் என இரண்டு ஆழ வழிகளை விட்டு, நடுவில் ஏறத்தாழ 780 ஏக்கர் நிலம் எழும்பியது. 1928 மே 26 அன்று பம்பாயிலிருந்து வந்த 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. வெலிங்டன் அதற்குள் சென்னையை விட்டுப் போய், 1931இல் வைஸ்ராயாகத் திரும்பி வந்தார். தீவுக்கும் அவர் பெயர், மண்ணை வாரிய கப்பலுக்கும் அவர் பெயர். வெண்டுருத்தியின் பெயர் பாலத்துக்கும், பின்னர் கடற்படைத் தளத்துக்கும் போயிற்று.

புது நிலம் என்றால் அது யாருடைய நிலம்? காயலின் அந்தச் சிறு வட்டத்துக்குள் மூன்று அரசுகள். ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி. மட்டாஞ்சேரியும் எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவுடையவை. தெற்கே திருவிதாங்கூர். 1925இல் இந்த மூன்றோடு இந்திய அரசும் சேர்ந்து நான்கு தரப்பு ஒப்பந்தம் போட்டுச் செலவையும் சுங்க வருவாயையும் பேசி முடித்தார்கள். எல்லைக்கோடுகள் தண்ணீரில் ஓடின. கப்பல் நகர்ந்த இடமெல்லாம் கணக்கு மாறியது. 1936இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, நிர்வாகம் இந்திய அரசின் கைக்குப் போனது. பிரிஸ்டோ 1941இல் ஊருக்குத் திரும்பி, 1959இல் 'கொச்சின் சாகா' என்ற பெயரில் தன் நினைவுகளை எழுதினார். துறைமுகம் பிறந்த கதைக்கு அதைவிடச் சுவையான நூல் இல்லை. ஆனால் அது பொறியாளரின் நூல். சேற்றை வாரிய இயந்திரத்தின் குணம் தெரிந்த அளவுக்கு, சேறு வந்து விழுந்த கரையில் வலை காயப்போட்டவர்களைத் தெரியாது.

அதே 1936இல், உலகின் மறுபக்கத்தில், டென்னசி மாநிலத்தில் நாரிஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கே நடந்தது தலைகீழ்: அப்பலாச்சியன் பள்ளத்தாக்கு ஒன்று தண்ணீரானது. லாய்ஸ்டன் என்ற சிற்றூர் உள்பட ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அணையைக் கட்டிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வீடுவீடாகக் கேள்வித்தாளோடு ஆட்களை அனுப்பியது. குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு நிலம், எங்கே போக உத்தேசம் என்று எழுதி வாங்கினார்கள். புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் 1933இல் அந்த வீடுகளைப் படமெடுத்தார். இடப்பெயர்வை அது நியாயப்படுத்தவில்லை. இழப்பீடு போதவில்லை என்ற மனக்குறை அந்த மலைமக்களிடம் தலைமுறைகளாக உண்டு. ஆனால் ஊர் மூழ்கியபின் பேரப்பிள்ளைகள் பழைய ஷீட்டில் ஒரு கறுப்புக் கட்டத்தைத் தொட்டு, ஆவணக் காப்பகத்தில் அந்த வீட்டின் கேள்வித்தாளையும் தேடி எடுக்கலாம். மெக்கன்சி கேட்ட வரைபடமும் குறிப்பேடும் அங்கே, வேறு பெயரில், மறுபடி சேர்ந்திருக்கின்றன.

கொச்சியில் ஷீட்டைத் தொடுவதற்கே பெரும்பாடாக இருந்தது. கடற்கரையை ஒட்டிய தாள்கள் வெகுகாலம் கட்டுப்படுத்தப்பட்டவை; விண்ணப்பித்து, காரணம் சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டியிருந்தது. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. பாதுகாப்பு கருதி மறைக்கவேண்டியவை பொதுவரிசையில் காட்டப்படவில்லை. தென் கடற்படைக் கட்டளையின் தளமும் வானூர்தித் தளமும் தீவிலேயே இருப்பதால், தாளில் விடுபட்ட பகுதி இங்கே சிறிதல்ல. 2021இல் விதிகள் வெகுவாகத் தளர்ந்தன. அதற்கு முன்பே, நில அளவைத் துறையின் ஷீட்களை அடிப்படையாக வைத்து அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் அச்சிட்ட தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் போட்டிருந்தது. டேராடூனிலுள்ள நில அளவைத் துறை கொடுக்கத் தயங்கியதை டெக்சாஸின் ஆஸ்டினிலிருந்து இறக்கிக்கொண்டார்கள் நம் ஆய்வு மாணவர்கள். ரகசியம் காக்கும் லட்சணம் இது.

எந்தத் தாளானாலும் முதலில் படிக்கவேண்டியது நடுப்பகுதியை அல்ல, அடி ஓரத்தை. அளந்த ஆண்டு ஒன்று, அச்சிட்ட ஆண்டு வேறொன்று. இரண்டுக்கும் இடையே பல வருஷம் இருக்கலாம். பாலமும் இருப்புப்பாதையும் இடையில் திருத்திச் சேர்க்கப்படும், வீடுகள் பழைய அளவையிலேயே நின்றுவிடும். அதனால் ஒரே தாளில் இரண்டு காலங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். புதுப் பாலத்தின் அடியில் பழைய தென்னந்தோப்பு இருந்தால் அது வரைபடத்தின் பிழையல்ல. அளவையாளர் அந்தப் பக்கம் திரும்பிவரவில்லை என்றுதான் பொருள்.

இப்படிப் படித்துக்கொண்டு தீவின் எர்ணாகுளம் பக்கத்துக்கு வந்தால், ஹார்பர் டெர்மினஸுக்குப் போகும் இருப்புப்பாதையை ஒட்டி ஒரு சிறு சிவப்புத் திட்டு. அதுதான் வாத்துருத்தி. தாளில் விரல்நுனியால் மறைக்கலாம். கொச்சிக்குக் கூலிவேலைக்கு வந்த தமிழர்கள் பல பத்தாண்டுகளாக அடர்ந்து வாழும் இடம் அது. ஒற்றை அறைகள், ஓர் அறைக்குப் பலர், விடிந்ததும் வேலைக்கு ஆள் எடுக்க வரும் மேஸ்திரிகள், தெருவில் தமிழ்ச் சுவரொட்டி. கட்டுமான வேலையும் சுமைவேலையும் இவர்களைத்தான் நம்பியிருந்தன. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தது பின்னால்தான். 2011இல் சரக்குப்பெட்டக முனையம் வல்லார்பாடத்துக்கு மாறியபின் தீவின் பழைய சந்தடி குறைந்தது. வாத்துருத்தி காலியாகவில்லை. மலையிடுக்கில் இருந்தால்தான் ஊர் எட்டாக்கை என்றில்லை. பெருநகரத்தின் நட்டநடுவில், கடற்படை வேலிக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலும் அப்படி ஓர் ஊர் இருக்கலாம்.

கேரள அரசு 2022 நவம்பர் 1 அன்று 'எண்டெ பூமி' என்ற பெயரில் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது. செயற்கைக்கோள் துணையோடு ஒவ்வொரு துண்டு நிலமும் சென்டிமீட்டர்க் கணக்கில் அளக்கப்பட்டு, உரிமையாளர் பெயரோடு பதிவாகிறது. வாடகை அறையில் இருப்பவருக்கு அந்தப் பதிவில் இடமில்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 2017இல், அதே அரசு வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 'ஆவாஸ்' என்ற காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கி, பதிவு செய்தவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்தது. நிலப் பதிவு வருவாய்த் துறையில், ஆள் பதிவு தொழிலாளர் துறையில். வார்டும் கானரும் காயல் கரையில் இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு, அடுத்த ஊருக்குத் தோணி ஏறினார்கள்.